லோ விசில் வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஐரிஷ் மரபிசை கேட்க ஆரம்பித்தவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தக் கனத்த, காற்று கலந்த விசில் சத்தத்தில் மாட்டிக்கொண்டு, "எதை வாங்குறது?" என்று வந்து நிற்கிறார்கள். வாசிக்கிற ஆள் என்று தெரிந்தால் போதும், அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கலானவை.

லோ விசில்னா என்ன? டின் விசிலையே பெருசா செஞ்சதா?

ஏறக்குறைய அப்படித்தான். வழக்கமான டி கீ டின் விசில் முப்பது செ.மீ. இருக்கும். ஆறு துளை, மேலே ஊதுவாய், அவ்வளவுதான். லோ டி விசில் அதைப் போல இரண்டு மடங்கு நீளம், 58 முதல் 60 செ.மீ. வரை வரும். சத்தம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் சின்னதில் 587 ஹெர்ட்ஸ், லோ டி-யில் 294 ஹெர்ட்ஸ். நம் ஊர்க் கணக்கில் டி என்பது இரண்டு கட்டை.

விரல் வைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே. கீழ் ஸ்தாயிக்கு மெதுவாக ஊத வேண்டும், மேல் ஸ்தாயிக்கு அதே விரல்களோடு அழுத்தி ஊத வேண்டும். பொதுவாக ஜி கீயும் அதற்குக் கீழே உள்ளவையும் லோ விசில் என்ற கணக்கில் வரும். ஆனால் யாராவது வெறுமனே "லோ விசில்" என்றால் பெரும்பாலும் லோ டி-யைத்தான் சொல்கிறார்கள்.

இது பழங்காலத்து ஐரிஷ் வாத்தியம்தானே?

இசை பழையது, இந்த வாத்தியம் புதியது. இன்றைய லோ விசில் 1971-ல்தான் பிறந்தது. டப்ளின்காரரான ஃபின்பார் ஃப்யூரி, இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் துருத்திக் குழல் வாசிப்பவர், தன் கச்சேரிகளில் ஓர் இந்திய மூங்கில் விசிலையும் வாசித்துக்கொண்டிருந்தார். அது ஒரு சுற்றுப்பயணத்தில் நாசமாகிவிட்டது. அதற்கு மாற்றாக ஒன்று செய்து தரும்படி இங்கிலாந்தில் இருந்த பெர்னார்ட் ஓவர்ட்டனிடம் கேட்டார். ஓவர்ட்டன் மூங்கிலை விட்டுவிட்டு அலுமினியக் குழாயில் முயன்றார், அதிலிருந்து வந்ததுதான் லோ விசில். இந்த வாத்தியத்தின் பிறப்பில் நம் ஊர் மூங்கிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

அதன்பின் இதை உலகமெங்கும் கொண்டுபோனவர்களில் டேவி ஸ்பிலேன் முக்கியமானவர். பேடி கீனன், மைக்கேல் மெக்கோல்ட்ரிக், ஜான் மெக்ஷெர்ரி, பிரையன் ஃபின்னகன், கெவின் கிராஃபோர்ட் என்று தேடிக் கேளுங்கள். இவர்களில் பலர் பைப்ஸ் வாசிப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள், விரல் பிடிப்பு பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

முதல்ல சின்ன விசில் வாங்கணுமா, நேரா லோ விசிலுக்கே போயிடலாமா?

நேராகப் போகலாம், தடை ஏதும் இல்லை. இருந்தாலும் ஒரு சாதாரண டி டின் விசிலைக் கையோடு வாங்கிவிடுங்கள் என்பேன். ஜெனரேஷன், ஃபடோக், கிளார்க் மாதிரி விசில்கள் விலை மிகக் குறைவு. ட்யூன்களை அதில் கற்றுக்கொண்டு, அதே விரல்களை லோ டி-யில் வைத்தால் வேலை பாதி முடிந்தது. லோ விசிலில் ஒரே நேரத்தில் மூன்று சண்டை நடக்கும்: விரல் எட்ட வேண்டும், மூச்சு போத வேண்டும், ட்யூன் நினைவில் நிற்க வேண்டும். மூன்றாவதைச் சின்ன விசிலிடம் விட்டுவிட்டால் மற்ற இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.

சின்ன விசில் வாசிக்கவே பிடிக்கவில்லை, அந்த அடிக்குரல்தான் வேண்டும் என்றால் பரவாயில்லை, லோ டி-யிலேயே ஆரம்பியுங்கள். முதல் சில வாரங்கள் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான்.

எந்த கீ வாங்கணும்?

டி. ஐரிஷ் இசை வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம். ஃபிடில், ஃப்ளூட், பைப்ஸ், அக்கார்டியன் எல்லாம் கூடி வாசிக்கும் செஷன்களில் பெரும்பாலான ட்யூன்கள் டி, ஜி அல்லது அவற்றின் சுரங்களையே எடுத்துக்கொண்டு ஈ, ஏ, பி-யில் நிலைகொள்ளும் மைனர் வகைகள். டி விசிலில் ஆறு துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் டி மேஜர் கிடைத்துவிடும், அதாவது சங்கராபரணத்தின் சுரங்கள். சி ஷார்ப்பை மட்டும் சி நேச்சுரலாக மாற்றினால் ஜி மேஜரும் கைக்கு வந்துவிடும். ஈ-யை ஆதாரமாக வைத்து அதே டி விசில் சுரங்களை வாசித்தால் கரகரப்பிரியா மாதிரி, ஏ-யை வைத்தால் ஹரிகாம்போஜி மாதிரி. ஐரிஷ் ட்யூன்களில் ஏராளமானவை இந்த மூன்று நான்கு சுர வரிசைகளுக்குள்ளேயே சுற்றுகின்றன. அதனால்தான் துளையை மூடித் திறக்கும் உலோகச் சாவிகள் இல்லாத ஆறு துளைக் குழலே போதுமானதாக இருக்கிறது.

கை சின்னதா இருக்கு, லோ எஃப் அல்லது லோ ஜி வாங்கினா என்ன?

வீட்டில் தனியாக, உங்கள் திருப்திக்கு வாசிக்க என்றால் தாராளமாக வாங்கலாம். லோ எஃப், லோ டி-யைவிடப் பத்து செ.மீ. போலக் குறைவு, விரல்கள் சுலபமாக உட்காரும், மூச்சும் குறைவாகப் போதும். ஸ்லோ ஏர் எனப்படும் மெதுவான மெட்டுகளுக்கு எஃப் அழகான சத்தம். ஜி இன்னும் லேசு.

ஆனால் செஷனில் அதை எடுத்து உட்கார்ந்தால் சிக்கல். எல்லோரும் டி-யில் வாசிக்கும்போது உங்கள் எஃப் விசிலில் அந்த ட்யூன் வராது. ஜி விசிலில் டி மேஜர் வாசிக்க வேண்டுமென்றால் சி ஷார்ப்புக்கு ஒவ்வொரு முறையும் பாதித் துளை மூட வேண்டும். அதனால் எஃப், ஜி எல்லாம் இரண்டாவது விசிலாக இருக்கட்டும். கை சின்னது என்பதற்கு அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், லோ டி எட்டாது என்று நினைத்தவர்களில் பலருக்குப் பிடிப்பை மாற்றியதும் எட்டிவிட்டது.

என் விரல் எட்டவே மாட்டேங்குது. ஆறாவது துளையை மூடினா மேல ஏதோ ஒண்ணு திறந்துக்குது.

விரல் நுனியால் மூடப் பார்க்கிறீர்கள். சின்ன விசிலுக்கு அது சரி, லோ டி-க்கு ஒத்துவராது. பைப்ஸ் வாசிப்பவர்கள் பிடிக்கும் விதம்தான் இதற்கு வழி. விரல்களை வளைக்காமல் நேராக நீட்டி, குழலின் குறுக்கே தட்டையாகப் படுக்க வையுங்கள். கீழ்க் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடுக் கணுவின் சதையால் துளையை மூடட்டும், மோதிர விரல் மட்டும் நுனிக் கணுவின் சதையால். மேல் கையிலும் கிட்டத்தட்ட அதேதான், எந்தக் கணு என்பது கைக்குக் கை கொஞ்சம் மாறும். கீழ்க் கைக் கட்டைவிரல் குழலுக்கு அடியில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நேர் கீழே எங்காவது இருந்தால் போதும். மணிக்கட்டை மடக்காதீர்கள்.

காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் மூடி, கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டு, விரல்களை எடுத்து அவற்றில் பதிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். முழு வட்டம் பதிந்திருந்தால் அந்த விரல் சரியாக மூடுகிறது. பிறை மாதிரி பாதி வட்டம்தான் தெரிந்தால் கசிவு அங்கேதான். பெரும்பாலும் பிரச்சினை ஆறாவது துளையில் இருக்காது. மோதிர விரல் கீழே எட்டும்போது நான்காவது துளையில் இருக்கும் ஆள்காட்டி விரல் லேசாக இழுபட்டுத் தூக்கிக்கொள்ளும். இந்தச் சோதனைக்கு மட்டும்தான் அழுத்தம். வாசிக்கும்போது விரல்கள் துளைமேல் சும்மா கிடந்தால் போதும், இறுக்கினால் வலிதான் மிச்சம். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

நான் கர்நாடகப் புல்லாங்குழல் வாசிக்கிறேன். எனக்கு இது சுலபமா வருமா?

காது, தாளம், பாதித் துளையைத் திறந்து வழுக்கும் பழக்கம் எல்லாம் நேராக உதவும். உதட்டு வேலை இங்கே கிடையாது. குறுக்கே பிடிக்கும் குழலில் உதட்டைக் குவித்தும் திருப்பியும் சுருதியைச் சரி செய்வீர்கள், விசிலில் காற்று போகும் வழி நிலையானது, அழுத்தத்தால் மட்டுமே சரி செய்ய முடியும். விரல் கணக்கும் வேறு. நம் குழலில் முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜம், விசிலில் ஆறையும் மூடினால்தான் ஆதார சுரமான டி.

கவனிக்க வேண்டியது அலங்காரம். கமகம் போட்டு வாசித்தால் கேட்க இனிமையாக இருக்கலாம், ஆனால் அது ஐரிஷ் ட்யூனாக ஒலிக்காது. அங்கே கட், டாப், ரோல், க்ரான் என்று விரலைச் சட்டென்று தூக்கியும் தட்டியும் சுரத்தைப் பிரிக்கும் வேலைதான் அதிகம். ஸ்லோ ஏரில் சுரத்தை வழுக்கி ஏற்றலாம், அங்கே உங்கள் பழக்கம் நன்றாகவே கைகொடுக்கும்.

ஒரு வரி முடியறதுக்குள்ள மூச்சு போயிடுது. என் நுரையீரல்ல கோளாறா, விசில்ல கோளாறா?

ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். கீழ் டி-க்கு நிறையக் காற்று வேண்டும் என்று நினைத்துப் பலர் பலமாக ஊதுகிறார்கள், உண்மையில் அதற்குச் சூடான, மெதுவான காற்று போதும். வாரக்கணக்கில் பழகிய பிறகும் அதே நிலை என்றால் விசிலையும் சந்தேகப்படலாம். சில விசில்களில் காற்று போகும் வழி அகலமாக, தடையே இல்லாமல் இருக்கும். காற்று கொட்டிக்கொண்டே போகும்.

இன்னொன்று, ஐரிஷ் இசையில் மூச்சுக்கென்று இடைவெளி எழுதி வைக்கப்பட்டிருக்காது. ஒரு சுரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் மூச்சு எடுப்பார்கள். எதை விடலாம் என்று தேர்ந்தெடுப்பதும் வாசிப்பின் ஒரு பகுதி, அதற்கு நல்ல ஃப்ளூட் வாசிப்பவர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

சாஃப்ட் ப்ளோயர், ஹார்ட் ப்ளோயர்னு போட்டிருக்காங்களே, அது என்ன கணக்கு?

ஊதும்போது காற்று எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்பதுதான். நான் சொல்லும் மற்ற எதையும்விட, விசில் தேர்ந்தெடுப்பதில் இதுதான் முக்கியம். சாஃப்ட் என்றால் லேசாக ஊதினாலே பேசும், மேல் ஸ்தாயிக்குச் சுலபமாகத் தாவும், ஆனால் கீழ் டி-யைக் கொஞ்சம் அழுத்தினால் உடனே மேலே குதித்துவிடும். ஹார்ட் என்றால் எதிர்ப்பு அதிகம். கீழ் டி-யை நன்றாக அழுத்தி, பைப்ஸ் மாதிரிக் கரகரப்போடு நிறுத்தலாம், காற்றும் சிக்கனமாகச் செலவாகும், ஆனால் மேல் ஸ்தாயியில் ஏ, பி-க்கு வயிற்றிலிருந்து பலம் வேண்டும்.

ஜெர்மனியில் இருந்து செய்யும் காலின் கோல்டி, ஓவர்ட்டன் வழியைத் தொடர்பவர், இந்த வகைகளைக் கேட்டு வாங்க வழி வைத்திருக்கிறார். முதல் விசிலுக்கு நடுத்தரம் கேளுங்கள். சின்ன விசிலில் இருந்து வருபவருக்கு அதுவே முதலில் கடினமாகத் தெரியும், ஆனால் ஒரு மாதத்தில் பழகிவிடும். சாஃப்ட் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் பிறகு மாற்றத் தேடுகிறார்கள்.

அலுமினியமா, பித்தளையா, பிளாஸ்டிக்கா? எதுல சத்தம் நல்லா வரும்?

சத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வடிவம். காற்று போகும் வழியின் உயரம், அதன் எதிரே இருக்கும் விளிம்பின் கூர்மை, குழாயின் உள்விட்டம், துளைகளின் அளவு, சுவரின் தடிமன். இவை சரியாக இருந்தால் பிளாஸ்டிக்கும் பாடும், தவறாக இருந்தால் வெள்ளியில் செய்தாலும் பாடாது.

பொருளால் வரும் வித்தியாசம் கையில்தான் தெரியும். பித்தளை கனம், அறுபது செ.மீ. குழலை ஒரு மணி நேரம் பிடித்தால் கீழ்க் கைக் கட்டைவிரல் சொல்லிவிடும். அலுமினியம் லேசு, அதனால்தான் பெரும்பாலும் அதில் செய்கிறார்கள். பிளாஸ்டிக் இன்னும் லேசு, குளிரில் சில்லிட்டுப் போகாது. கார்பன் ஃபைபரிலும் இப்போது வருகிறது.

சுத்தி வளைக்காம பேர் சொல்லுங்க, யார்கிட்ட வாங்கறது?

சரி. பணம் குறைவாகச் செலவழிக்க வேண்டும், பிடிக்குமா என்று பார்க்க வேண்டும் என்றால் இங்கிலாந்தின் டோனி டிக்சன் செய்யும் பாலிமர் லோ டி. லேசானது, சுலபமாகப் பேசும், சத்தம் கொஞ்சம் மென்மை. சுசாட்டோ அமெரிக்காவில் செய்யப்படும் பிளாஸ்டிக், சத்தம் பலம். விரல் எட்டாதவர்களுக்குச் சாவி பொருத்திய மாதிரிகளும் அவர்களிடம் உண்டு.

அடுத்த படியில் அயர்லாந்தின் கெர்ரி விசில்ஸ், ஃபில் ஹார்டியுடையது. சீஃப்டன் என்ற பெயரில் வருபவையும் அவருடையவையே. விலையில் பல படிகள் வைத்திருக்கிறார், அதனால் ஒருவர் சொல்லும் கருத்து எந்த மாதிரியைப் பற்றியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே ஸ்காட்லாந்தின் எம்கே, ஏற்கெனவே சொன்ன கோல்டி. எம்கே இருண்ட, அடர்ந்த சத்தம், ஊதும்போது அடைபடுவது குறைவு. கோல்டியின் கீழ் டி-யில் ஒரு கரகரப்பு உண்டு, பைப்ஸ் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அமுதம்.

ஒன்றே ஒன்று சொல் என்றால், இந்த இசையில் நிற்பேன் என்று தெரிந்தவருக்கு எம்கே அல்லது நடுத்தர கோல்டி. இன்னும் தெரியாதவருக்கு டிக்சன். கையால் செய்பவர்களிடம் காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம், நேரடியாக எழுதிக் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் மேலே ஏறும் என்பதையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

ட்யூனபிள் வேணுமா? அதுக்குத் தனிக் காசு கேட்கறாங்க.

மற்றவர்களோடு வாசிப்பதாக இருந்தால் வேண்டும். குழலுக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். காலையில் சரியாக இருந்தது, கூட்டமான பப்பில் ஒரு மணி நேரம் வாசித்தபின் சரியாக இருக்காது. தலைப்பகுதியைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் தீர்ந்தது. பெட்டியில் பாதியாகக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்பதும் வசதி. இணைப்பில் அவ்வப்போது கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தனியாக வாசிப்பவருக்கு இது தேவையில்லை, அந்தக் காசில் நல்ல தலைப்பகுதி உள்ள விசிலை வாங்கலாம்.

கடையில கையில எடுத்துப் பார்க்க வாய்ப்பு கிடைச்சா எதைச் சோதிக்கணும்?

முதலில் அக்குளில் இரண்டு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். பிறகு கீழ் டி. மெதுவாகத் தொடங்கி, மேலே குதிக்கும் வரை அழுத்தத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதை மனதில் வையுங்கள். அடுத்து கீழ் டி, மேல் டி, கீழ் டி என்று தாவுங்கள். மேலே போவது சுலபம், இறங்கும்போது சத்தம் உடனே உட்காருகிறதா என்பதுதான் கேள்வி. பிறகு மேல் ஸ்தாயி ஏ, பி. காதைக் கிழிக்காமல், தலை சுற்ற வைக்காமல் வருகிறதா?

அப்புறம் போனில் ட்யூனர் செயலியைத் திறந்து, ஏ 440 என்று வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் அதன் மேல் ஸ்தாயியோடு ஒப்பிடுங்கள். கண்ணை ட்யூனரில் வைத்துக்கொண்டு ஊதினால் நீங்களே அறியாமல் சுருதியைச் சரி செய்துவிடுவீர்கள், அதனால் கண்ணை மூடி ஊதிவிட்டு, சுரம் நிலைத்தபின் திறந்து பாருங்கள். கடைசியாகத் தெரிந்த ட்யூன் ஒன்றை முழுதாக வாசியுங்கள். சோதனையில் தேறிய விசில் ட்யூனில் கைக்கு ஒட்டவில்லை என்றால் கையின் பேச்சையே கேளுங்கள்.

பழைய விசில் வாங்கலாமா?

நல்ல வழி, நானே அதைத்தான் முதலில் சொல்வேன். உலோக விசிலில் தேய்ந்து போக அதிகம் ஒன்றுமில்லை. ஊதுவாய்க்குக் கீழே இருக்கும் சின்ன சன்னலையும் அதன் விளிம்பையும் நெருங்கி எடுத்த படம் கேளுங்கள். விளிம்பில் பள்ளமோ வளைவோ இருந்தால் வேண்டாம். குழாயில் கீறல் இருந்தால் கவலையில்லை, நசுங்கல் இருந்தால் கவலைப்படலாம். விற்பவரை முன்பு சொன்ன கீழ் டி தாவலை வாசித்துப் பதிவு அனுப்பச் சொல்லுங்கள்.

பேரே இல்லாத மலிவு விசில், இல்லேன்னா பிவிசி குழாய்ல நாமளே செஞ்சது, ஒத்துவருமா?

பிவிசியில் செய்து பாருங்கள், வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று அதைவிட நன்றாக யாராலும் சொல்லித்தர முடியாது. துளை இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. துளையைச் சின்னதாகத் தொடங்கி, ட்யூனரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். அவசரப்பட்டால் சுருதி ஏறிவிடும், பிறகு இறக்குவது கஷ்டம்.

பெயர் தெரியாத மலிவு விசிலில் எனக்கு இருக்கும் பயம் சுருதிதான். இரண்டு ஸ்தாயியும் ஒன்றோடொன்று சேராத விசிலில் ஆரம்பித்தவர், தன் காதைத்தான் சந்தேகப்படுவார்.

பத்து நிமிஷத்துல சத்தம் அடைச்சுப் போகுது. விசில் பழுதா?

பழுது இல்லை. சூடான மூச்சு குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகி, காற்று போகும் ஒடுங்கிய வழியில் தங்கிவிடுகிறது. வாசிக்கும் முன் ஊதுவாயைக் கையிலோ அக்குளிலோ வைத்துச் சூடாக்கினால் பாதி தீரும். நடுவில் அடைத்தால் ஒரு சுரத்தை விட்டு உள்ளே உறிஞ்சுங்கள், அல்லது சன்னலை விரலால் மூடிக்கொண்டு பலமாக ஒரு தடவை ஊதுங்கள். விரலை விளிம்பில் உரசாதீர்கள்.

அடிக்கடி நடந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து அந்த வழியில் விட்டு, ஊதி வெளியேற்றிக் காயவிடுங்கள். துளியாக நிற்பதற்குப் பதில் நீர் மெல்லிய படலமாகப் பரவி ஓடிவிடும். காற்று வழி ஒடுங்கியிருக்கும் விசில்களில் இது கூடுதலாக நடக்கும், எதிர்ப்பு பற்றிய பதிலில் சொன்ன நன்மைகளுக்குக் கொடுக்கும் விலை இது.

சி நேச்சுரல் மட்டும் சுருதி சேரவே மாட்டேங்குது.

முதல் துளையைத் திறந்து, இரண்டையும் மூன்றையும் மூடுவது வழக்கமான முறை. சுருதி ஏறி நின்றால் நான்காவதையோ ஐந்தாவதையோ சேர்த்து மூடிப் பாருங்கள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒவ்வொரு கூட்டு ஒத்துவரும். மெதுவான மெட்டில் முதல் துளையைப் பாதி மூடுவது இன்னும் அழகு.

அதே நேரம், பழைய ஃபிடில், பைப்ஸ் வாசிப்புகளைக் கேட்டால் சி நேச்சுரலுக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் நிற்கும் ஒரு சி-யும் இருப்பது தெரியும். தெரிந்தே அப்படி வாசிக்கிறார்கள். அதனால் ட்யூனர் காட்டுவதை மட்டும் வைத்து விசிலைத் திட்ட வேண்டாம்.

செஷன்ல நான் வாசிக்கறது எனக்கே கேட்கலை. சத்தமான விசில் வாங்கணுமா?

நாலு ஃபிடிலும் ரெண்டு அக்கார்டியனும் இருக்கும் இடத்தில் எந்த லோ விசிலின் கீழ் ஸ்தாயியும் கேட்காது. அங்கே சின்ன டி விசிலை எடுங்கள், அது ஊடுருவும். லோ விசில் மூன்று நான்கு பேர் வாசிக்கும் இடத்துக்கும், யாராவது "ஒரு ஏர் வாசியேன்" என்று கேட்கும் நேரத்துக்கும் உரியது. இருவர் லோ விசிலில் ஒன்றாக வாசிப்பதும் உண்டு. லூனசா குழுவின் ஆரம்ப காலத்தில் மெக்கோல்ட்ரிக்கும் மெக்ஷெர்ரியும் அப்படி வாசித்திருக்கிறார்கள், தேடிக் கேளுங்கள்.

மைக் வைத்து வாசித்தால், மைக்கைக் குழலின் அடி நுனிக்கு நேராக வைக்காமல் சன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். வெளியில் வாசிக்கும்போது காற்று சன்னலின் குறுக்கே அடித்தால் சுரம் அணைந்துவிடும், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

லோ விசில் சோக மெட்டுக்கு மட்டும்தானா? வேகமான ரீல் வருமா?

வரும். ரீல் எனப்படும் வேகமான நடன மெட்டுகளைப் பிரையன் ஃபின்னகன் ஃப்ளூக் குழுவோடு வாசிப்பதைக் கேட்டபின் யாருக்கும் இந்தச் சந்தேகம் இருக்காது. வேகம் வேண்டுமானால் விசிலில் இரண்டு குணம் பாருங்கள்: ஸ்தாயி மாற்றம் சட்டென்று நடக்க வேண்டும், துளைகள் ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இருக்கக் கூடாது. நாக்கால் ஒவ்வொரு சுரத்தையும் வெட்டாமல் விரல்களால் பிரிக்கப் பழகுங்கள். ரோலை முதலில் ஜி-யிலும் ஏ-யிலும் மெதுவாகப் பழகுங்கள். கீழ் டி-யில் அதற்குக் கீழே தட்ட விரல் இல்லை என்பதால் அங்கே க்ரான் போடுவார்கள், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போ ஐரிஷ் ஃப்ளூட்டே வாங்கிடலாமே? ரெண்டும் ஒரே சுருதிதானே?

ஒரே சுருதி, ஒரே விரல் கணக்கு. மரத்தாலான ஃப்ளூட் செஷனில் நன்றாகக் கேட்கும், சத்தத்தின் நிறத்தை உதட்டால் மாற்றலாம், இந்த மரபில் அதற்கு ஆழமான வேரும் உண்டு. ஆனால் உதடு பழகி நல்ல சத்தம் வரவே மாதங்கள் ஆகும், நல்ல ஃப்ளூட்டின் விலை லோ விசிலைப் போல் பல மடங்கு. விசிலில் முதல் நாளே சத்தம் வந்துவிடும். உங்களை இழுத்தது ஃப்ளூட்டின் சத்தம் என்றால் ஃப்ளூட்டுக்கே போங்கள், லோ விசிலைப் பாலமாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

பொண்ணுக்கு ஒன்பது வயசு, லோ விசில்தான் வேணும்னு அடம் பிடிக்கறா.

இப்போதைக்குச் சின்ன டி. கை வளர்ந்ததும் லோ ஜி அல்லது எஃப், பிறகு லோ டி. எட்டாத துளைகளோடு போராடினால் பிடிப்பு கெட்டுவிடும், அதைத் திருத்துவது கஷ்டம். லோ விசில் பதிவுகளைப் போட்டுக் காட்டி, அந்த ட்யூன்களைச் சின்ன விசிலில் சொல்லிக்கொடுங்கள்.

நல்ல விசில்தான் வாங்கினேன், ஆனா ரெக்கார்டிங்ல கேட்கற அந்தச் சத்தம் எனக்கு வரலையே?

பதிவில் நீங்கள் கேட்பது மைக், எதிரொலி சேர்த்த கலவை எல்லாம் வழியாக வந்த சத்தம். வாசிப்பவரின் காதுக்கு விசில் எப்போதுமே கொஞ்சம் மெலிந்து, காற்று அதிகமாகக் கேட்கும். போனை அறையின் மறுமூலையில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள், வித்தியாசம் தெரியும். ஓடு பதித்த வெறும் அறையில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அதையும் தாண்டி மிச்சம் இருப்பது மூச்சு. ஒரே மெட்டின் முதல் நான்கு வரிகளை எடுத்து, மெக்கோல்ட்ரிக்கோ ஸ்பிலேனோ வாசித்த பதிவு ஒன்றோடு சேர்ந்து வாசியுங்கள். அவர்கள் எந்தச் சுரத்தை விட்டு மூச்சு எடுக்கிறார்கள், கீழ் டி-யை எங்கே அழுத்துகிறார்கள், எங்கே தளர்த்துகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ரோல்களை அப்போதைக்கு விட்டுவிடுங்கள். சில வாரம் இப்படிச் செய்த பிறகும் கீழ் டி ஒல்லியாகவே இருந்தால் என்னிடம் வாருங்கள், என் விசிலை ஊதிப் பார்த்துவிட்டு மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.